பீட்டா சிதைவில் துண்டு விழும் ஆற்றல் எங்கே போகிறது?

மல்லிக்கணக்கு:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். பிளஸ் டூ படிக்கும் மகள் நேற்று ராத்திரி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பீட்டா சிதைவில் நியூட்ரான் சிதைந்து புரோட்டானும் எலக்ட்ரானும் வருகின்றன. எல்லா நியூட்ரானும் ஒன்றுபோலத்தான் என்றால், எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றலும் ஒரே அளவாகத்தானே இருக்கணும்? வரைபடமோ பூஜ்யத்தில் தொடங்கி மேடுபோல ஏறி இறங்குகிறது. மிச்சத்தை எதிர் நியூட்ரினோ கொண்டுபோகிறதாம், புத்தகத்தில் ஒரே வரி. எங்கள் கடையில் துண்டு விழுந்தால், ஒரு பேரை எழுதிச் சமாளிக்க முதலாளி விடமாட்டார். அதுவும் ஏன் 'எதிர்'?

திருமங்கலம் வாத்தியார்:
உங்கள் முதலாளியின் சந்தேகம் அன்றைக்கே இருந்தது. எலக்ட்ரான் வெளியே வருவதற்குள் ஆற்றலை உள்ளேயே சிந்திவிடுகிறதோ? 1927இல் எல்லிஸும் வூஸ்டரும், பீட்டா சிதைவுக்கு உள்ளாகும் பிஸ்மத்-210ஐக் கலோரிமீட்டருக்குள் வைத்துச் சூட்டை அளந்தார்கள். சிந்தியது உள்ளேயே கிடந்தால், ஒரு சிதைவுக்கு உச்ச அளவான 1.05 மெகா எலக்ட்ரான் வோல்ட் சூடாக வந்திருக்க வேண்டும். வந்தது ஏறக்குறைய 0.35. மூன்றில் ஒரு பங்கு!

ஆற்றல் அழியாமை அணுக்கருவுக்குள் செல்லாதோ என்றுகூட நீல்ஸ் போர் யோசித்தார். இன்னொரு இயற்பியலாளர் வொல்ஃப்காங் பாலி மசியவில்லை. மின்னூட்டமில்லாத ஒரு துகள் கூடவே போகிறது என்று 1930 டிசம்பரில் கடிதம் எழுதினார்.

இது வெறும் பேர் எழுதிய கணக்கில்லை. தற்சுழற்சியும் (ஒவ்வொரு துகளுக்கும் உள்ள ஸ்பின் என்ற அளவு) இடிக்கிறது. நியூட்ரானுக்கு அரை. புரோட்டானுக்கு அரை, எலக்ட்ரானுக்கு அரை. இரண்டு அரையை எப்படிச் சேர்த்தாலும் முழு எண்தான் வரும், அரை வராது. இன்னொரு அரை வேண்டும். தனித்தனியாக எழுதிய இரண்டு நோட்டிலும் அதே ஆள்தான் குறைகிறான்.

மல்லிக்கணக்கு:
விடியற்காலையில் நிறுத்த மல்லி மத்தியானம் எடை குறையும். தராசை யாரும் திட்டமாட்டோம், ஈரம் போயிருக்கும். ஆனால் ஈரத்தைச் சாக்கில் தொட்டுப் பார்க்கலாம். இதை யார் தொட்டார்கள்?

நாகமலைவாசி:
ரைன்ஸும் கோவனும், 1956இல், அணு உலைக்குப் பக்கத்தில். எதிர் நியூட்ரினோ புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) நியூட்ரானும் வரும். பாசிட்ரானால் உடனே ஒரு மின்னல்; சில மைக்ரோ விநாடி கழித்து நியூட்ரானைக் காட்மியம் விழுங்கும்போது இன்னொன்று. இரண்டும் ஜோடியாக வந்தால்தான் கணக்கில் சேர்த்தார்கள்.

'எதிர்' என்பது லெப்டான் எண்ணால். எலக்ட்ரான், நியூட்ரினோ வகைத் துகள்களுக்கு வைக்கும் கணக்கு அது; சிதைவுக்கு முன்னும் பின்னும் கூட்டுத்தொகை மாறக்கூடாது. நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் 0, எலக்ட்ரானுக்கு +1. அப்படியானால் கூட வருவதற்கு −1, அது எதிர்த்துகள்.

நம்ம மதுரை வடபழஞ்சியில் இருக்கும் மினி ஐகால் என்ற 85 டன் துகள் ஆய்வுக் கருவியிலும் இதே ப்ளஸ், மைனஸ் பார்வைதான். நியூட்ரினோ இல்லை, வானத்திலிருந்து வரும் மியூவான்களை (எலக்ட்ரான் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) மட்டும்தான் பார்க்கிறது. காந்தமேற்றிய இரும்பில் எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து மின்னூட்டம் தெரியும். தேனி பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட 50,000 டன் கருவியும் நியூட்ரினோ, எதிர் நியூட்ரினோவை, அவை மோதி உண்டாக்கும் மியூவானின் இந்த வளைவை வைத்துத்தான் பிரிக்கும்.

மல்லிக்கணக்கு:
மகளிடம் காட்டினேன். 0 = 1 − 1 என்று என் பேரேட்டின் ஓரத்திலேயே எழுதிவிட்டாள், முதலாளி பார்த்தால் தொலைந்தேன். அடுத்த கேள்வியும் தயார்: தனியாக இருக்கும் புரோட்டான் ஏன் இப்படி நியூட்ரானாக மாறுவதில்லை?

திருமங்கலம் வாத்தியார்:
நிறையைப் பார்க்கச் சொல்லுங்கள். மெகா எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் நியூட்ரான் 939.6, புரோட்டான் 938.3. கையில் இருப்பதைவிடப் பெரிய நோட்டுக்குச் சில்லறை மாற்ற முடியுமா?