புதுப்பிப்பு: பிள்ளைகளோடு தஞ்சாவூர் போய் வந்தாச்சு

இரண்டு பிள்ளைகளோடு ஒரே நாளில் தஞ்சாவூர், முதலில் பெரிய கோயிலா அரண்மனையா என்று போன வாரம் கேட்டிருந்தேன். காலையிலேயே கோயில் என்று சொன்னவர்களுக்கு நன்றி. ஏழு மணிக்கே உள்ளே இருந்தோம். பத்து மணிக்கெல்லாம் கல்தரை சுட ஆரம்பித்துவிட்டது. சின்னவள் நிழல் விழுந்த இடமாகப் பார்த்துத் தாவித் தாவித்தான் வெளியே வந்தாள்.

1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது, விமானம் 216 அடி என்று நான் ஆரம்பித்ததை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரே கல்லில் செதுக்கிய நந்தியின் கழுத்து மணிகளை எண்ணுவதில் இருவருக்கும் சண்டை.

அப்புறம் அரண்மனை. சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் நான் ஒரு மணி நேரம் நிற்பேன். பிள்ளைகள் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் அதே வளாகத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, தரங்கம்பாடியில் கரை ஒதுங்கியதாம். பெரியவன் அதன் முதுகெலும்பை எண்ணி, பாதியில் தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். சோழர்களைத் திமிங்கிலம் தோற்கடித்துவிட்டது!

சிவகங்கைப் பூங்காவுக்குத் தெம்பில்லை. ஒரு தலையாட்டி பொம்மை மட்டும் வாங்கினோம். திருச்சி வரும்வரை ரயிலில் அது தலையை ஆட்டிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் இருவரும் தூக்கம்.