சீரிஸின் மேற்பரப்பு அமைப்புகளுக்கு யார் பெயர் சூட்டுகிறார்கள்?

கேள்வி:
சீரிஸ் குறுங்கோளின் வரைபடத்தில் ஆகாட்டர், கெர்வான், அகுனா மான்ஸ், பொங்கல் கேட்டினா என்று பல மக்களின் மரபுகளிலிருந்து வந்த பெயர்களைக் காண்கிறேன். இவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார்? அகுனா மான்ஸ் பனி எரிமலையாகக் கருதப்படும்போது, அதன் பெயரில் வெறுமனே ‘மலை’ என்று குறித்திருப்பது ஏன்?

மறுமொழி 1:
2015 முதல் 2018 வரை சீரிஸைச் சுற்றிவந்து ஆராய்ந்த டான் விண்கலத்தின் குழுவினர் பெயர்களைப் பரிந்துரைத்தார்கள். ஏற்கும் அதிகாரம் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கே உண்டு. 1801-இல் சீரிஸைக் கண்டறிந்த பியாஸி அதற்கு ரோமானிய வேளாண் தெய்வத்தின் பெயரை இட்டார். அதைத் தொடர்ந்து, கிண்ணக்குழிகளுக்குப் பல மக்களின் வேளாண் தெய்வங்களின் பெயர்களையும், மற்ற அமைப்புகளுக்கு வேளாண் விழாக்களின் பெயர்களையும் சூட்டுவது என்று முடிவாயிற்று. கெர்வான், அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்கள் வணங்கும், மக்காச்சோளத்தை முளைக்கச் செய்யும் தெய்வம். அகுனா, நாகாலாந்தின் சுமி நாகா மக்களுடைய அறுவடை விழா.

மறுமொழி 2:
உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மான்ஸ், கேட்டினா, ஃபாக்குலா ஆகிய லத்தீன் வகைச்சொற்கள் முறையே மலை, குழிவரிசை, ஒளிர்திட்டு என்று கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை மட்டுமே குறிக்கின்றன. அவை தோன்றிய விதத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இது மிகச் சரியான ஏற்பாடு என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் படங்கள் வந்து சேர்ந்தவுடன் பெயர் தேவைப்படுகிறது, தோன்றிய விதத்தைப் பற்றிய விளக்கமோ பல ஆண்டுகள் கழித்துத்தான் உறுதிப்படுகிறது, சில வேளைகளில் மாறியும் போகிறது.

ஆகாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 92 கிலோமீட்டர் விட்டமுள்ள அந்தக் கிண்ணக்குழிக்குள் ஒளிர்ந்தவற்றைத் தொடக்கத்தில் ‘ஐந்தாம் புள்ளி’ என்றே அழைத்தார்கள், அவை பனியா உப்பா என்ற விவாதமும் நடந்தது. பிறகே அங்கு சோடியம் கார்பனேட் மிகுந்திருப்பதும், நிலத்தடி உப்புநீர் மேலே வந்து வற்றியதால் அது படிந்ததும் தெளிவாயின. இன்று அவை செரியாலியா, வினாலியா என்ற ரோமானிய விழாக்களின் பெயரால் வழங்குகின்றன. விவாதம் எப்படி முடிந்திருந்தாலும் ‘ஃபாக்குலா’ என்ற சொல்லை மாற்ற வேண்டியிருந்திருக்காது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியென்றால், கேட்டினா என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வழிகளில் தோன்றிய குழிவரிசைகள் இருக்க முடியுமா?

மறுமொழி 2:
முடியும். ஒரு பெருமோதலில் சிதறிய பாறைகள் வரிசையாக விழுந்தும் அவை உண்டாகலாம். சம்ஹெய்ன் கேட்டினாவைப் போல, நிலத்தடிப் பிளவுகளுக்குள் மேல்மண் சரிந்தும் உண்டாகலாம். குழிகளுக்கு விளிம்பு மேடு இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். மண் சரிந்து உருவான குழிகளில் அது பொதுவாக இருப்பதில்லை.