பர்ஸ்ட் கிராஜுவேட் பணம் 25,000 காலேஜ் ஆபீஸ்லயே நிக்குது, என்ன பண்றதுங்க?

பனியன்கம்பெனி_அண்ணன்:
வணக்கம்ங்க, தங்கச்சிக்காகக் கேக்கறேன். 2023 கவுன்சிலிங்ல ஒரு செல்ப் பைனான்ஸ் காலேஜ்ல இசிஇ கிடைச்சுது, கவர்ன்மெண்ட் கோட்டா தான். எங்க வீட்ல டிகிரி படிக்கற முதல் ஆளு அவ, அதுக்கு டியூஷன் பீஸ்ல 25,000 கவர்ன்மெண்டே தர்ற சலுகை இருக்குது, நான் பத்தாவதோட திருப்பூருக்கு கட்டிங் மாஸ்டர்கிட்ட வந்துட்டேன். சேர்ற அன்னிக்கு ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னா, பர்ஸ்ட் கிராஜுவேட் பணம் கவர்ன்மெண்ட் லேட்டா தான் தரும், இப்ப 55,000 முழுசா கட்டிருங்க, வந்ததும் 25,000 திருப்பித் தந்தர்றோம்னாங்க. அம்மாவோட செயினை சொசைட்டில வெச்சு கட்டினோம், இன்னும் அங்கதான் கிடக்குது. செகண்ட் இயர்ல சரியா 30,000 தான் வாங்கினாங்க, ஆனா அந்தப் பழைய 25,000 மட்டும் வரவே இல்லீங்க. நாலு தடவை போயாச்சு. ஒருக்கா பில் பாஸ் ஆகலன்னாங்க, ஒருக்கா அக்கவுண்டன்ட் லீவு, ஒருக்கா சேர்மன் ஊர்ல இல்ல. போன வாரம் போனா, "உங்க தங்கச்சி தான் லிஸ்ட்ல கையெழுத்து போட்டிருக்குதே, வாங்கிட்டதா தானே அர்த்தம்"னு கேக்கறாங்க. அவளைக் கேட்டா, கிளாஸ்ல ஒரு பேப்பர் சுத்தி வந்துச்சு, எல்லாரும் போட்டாங்க நானும் போட்டேங்கறா. எனக்கு லீவு போட்டா அன்னிக்கு சம்பளம் இல்லீங்க. சண்டை போட்டா இன்டர்னல் மார்க்ல கை வெச்சுருவாங்களோன்னு அவளுக்கு வேற பயம். விட்டுரலாமா?

சிவகாசி_சரவெடி:
ஒன்றரை வருஷத்துக்கே அழுவுறீங்களே ப்ரோ, எங்க செட்டுக்கு டிசி வாங்குற அன்னிக்கு தான் குடுத்தாய்ங்க, அதுலயும் லேப் பிரேக்கேஜ்னு 1,800 புடிச்சுட்டாய்ங்க. நான் என்னத்த உடைச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

முன்னாள்_கிளார்க்:
தம்பி விட்றாதீங்க. நான் இந்த மாதிரி ஒரு காலேஜ் ஆபீஸ்ல 9 வருஷம் குப்பை கொட்டினவன், அந்தப் பக்கம் என்ன நடக்கும்னு சொல்றேன். இந்தச் சலுகை 2010-11ல ஆரம்பிச்சது, கவுன்சிலிங் வழியா சேர்ந்தவங்களுக்கு மட்டும் தான், மேனேஜ்மெண்ட் சீட்டுக்குக் கிடையாது. பணம் பிள்ளைங்க கணக்குக்கே வராது. காலேஜ் லிஸ்ட் போட்டு சான்றிதழ் நகலோட கிண்டியில இருக்கற தொழில்நுட்பக் கல்வி ஆபீஸுக்கு அனுப்பும், அங்கேருந்து காலேஜ் கணக்குக்கு வரும். லேட்டா வர்றது நிஜம், அதை நான் மறைக்கல. ஆனா லேட்டானா அது காலேஜுக்கும் கவர்ன்மெண்டுக்கும் நடுவுல உள்ள கணக்கு, பிள்ளைகிட்ட 30,000 தான் வாங்கணும்.

ஒண்ணு கேக்கறேன், ரசீது கையில இருக்கா? அதுல 55,000ம் டியூஷன் பீஸ்னு ஒரே வரியில இருக்கா?

பனியன்கம்பெனி_அண்ணன்:
இப்ப தான் அம்மாகிட்ட ரசீதை எடுத்து போட்டோ அனுப்பச் சொன்னேங்க. ரெண்டு ரசீது இருக்குது. ஒண்ணுல டியூஷன் பீஸ் 30,000. இன்னொண்ணுல "இதர கட்டணம்" 25,000. ரெண்டும் ஒரே தேதி. இத்தனை நாளா இதை நாங்க கவனிக்கவே இல்லீங்க.

முன்னாள்_கிளார்க்:
அது தான் நான் நினைச்சேன். அவங்க கணக்குப்படி டியூஷன் பீஸா 30,000 தான் வாங்கியிருக்காங்க, சலுகை சரியா குடுத்தாச்சு, பிள்ளை கையெழுத்தும் லிஸ்ட்ல இருக்கு. அந்த 25,000 வேற ஏதோ. கிண்டியிலேருந்து யார் வந்து பைலைப் பார்த்தாலும் சுத்தமா இருக்கும். அதனால "ரீபண்ட் எப்ப தருவீங்க"ன்னு இனிமே கேக்காதீங்க, அப்படிக் கேட்டா அடுத்த மாசம்னு சொல்லியே காலத்தை ஓட்டிருவாங்க. "இந்த இதர கட்டணம் 25,000 எது எதுக்கு வாங்கினீங்க, பிரிச்சு எழுத்துல குடுங்க"ன்னு கேளுங்க. பிரிச்சுக் காட்ட அவங்களால முடியாது. கவர்ன்மெண்ட் நிர்ணயிச்சதுக்கு மேல வாங்கக் கூடாது, வாங்கற எல்லாத்துக்கும் ரசீது தரணும்னு 1992லயே நன்கொடை தடைச் சட்டம் இருக்கு, ஆபீஸ்ல உக்காந்திருக்கற எல்லாருக்கும் அது தெரியும்.

மதுரை_மீனா:
அண்ணே, வாயால கேக்காம கடுதாசியா எழுதிக் கொண்டு போங்க. பிரின்சிபல் பேருக்கு, கீழ அம்மா கையெழுத்து, தங்கச்சி பேர்ல வேணாம். ரெண்டு ரசீது, பர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட், கவுன்சிலிங் அலாட்மெண்ட் ஆர்டர் மூணுக்கும் ஜெராக்ஸ் வைங்க, அலாட்மெண்ட் ஆர்டர்லயே சலுகை உண்டுன்னு போட்டிருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கங்க. தபால் செக்‌ஷன்ல குடுத்து உங்க காப்பியில சீல் வாங்கிருங்க. சீல் போட மாட்டேன்னா அதே கடுதாசியை ஸ்பீட் போஸ்ட்ல போட்டுட்டு ரசீதை பத்திரமா வைங்க. அதுக்கும் அசையலன்னா 1100க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரிங்கற புகார் பிரிவுல பதிஞ்சுட்டு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு. கூடவே கிண்டி ஆபீஸுக்கு 10 ரூபாய்ல ஒரு தகவல் உரிமை மனு போடுங்க, இந்தக் காலேஜுக்கு 2023-24க்கு எவ்ளோ தொகை, எந்தத் தேதில அனுப்பினீங்கன்னு. பிரைவேட் காலேஜ் நாங்க அதுல வர மாட்டோம்னு சொல்லும், கவர்ன்மெண்ட் ஆபீஸ் அப்படிச் சொல்ல முடியாது, 30 நாள்ல பதில் தரணும்.

கடலூர்_கபிலன்:
இடையில வர்றேன் மன்னிச்சுக்கங்க. எனக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், போர்டல்ல பணம் போயிடுச்சுன்னு காட்டுது, பாஸ்புக்ல பூஜ்யம். இதுவும் காலேஜ் தான் அமுக்கியிருக்குமா?

முன்னாள்_கிளார்க்:
அவசரப்பட்டு திட்டாதீங்க, அது வேற கதை. அது ஆதார் எந்த பேங்க் கணக்கோட கடைசியா இணைஞ்சிருக்கோ, அதான் சீடிங்னு சொல்றது, அங்க போகும், நீங்க பாரத்துல எழுதின அக்கவுண்டுக்கு இல்ல. ஆதார் சைட்ல பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு இருக்கும், ஓடிபி போட்டுப் பாருங்க.

கடலூர்_கபிலன்:
அய்யோ சார், பிளஸ் டூ படிக்கும்போது போஸ்ட்மேன் கைரேகை வெச்சு ஒரு தபால் ஆபீஸ் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு தொறந்தாரு, அதுல கெடக்கு!! நான் போன மாசம் எங்க ஆபீஸ் அம்மாகிட்ட கத்திட்டு வேற வந்துட்டேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு போறதுன்னு தெரியல.

பனியன்கம்பெனி_அண்ணன்:
மூணு வாரம் கழிச்சு வர்றேங்க. மீனா அக்கா சொன்ன மாதிரியே அம்மா பேர்ல எழுதி எடுத்துட்டுப் போனோம். வாங்கினவரு மொத பத்தியைப் படிச்சுட்டு "இதை எழுதினது யாரு"ன்னு மட்டும் கேட்டாருங்க. நான்தான்னேன். கண்ணாடியைக் கழட்டி டேபிள்ல வெச்சுட்டு ரெண்டு ரசீதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாரு, உள்ள போனாரு, அரை மணி நேரம் ஆளே வரல. அம்மா போலாம் வாடான்னு கையைப் புடிச்சு இழுக்குது. வெளிய வந்து, பணமா தர முடியாது, தேர்ட் இயர் டியூஷன் பீஸ்ல கழிச்சுக்கறோம், 5,000 கட்டினாப் போதும்னாரு. பிரிச்சுக் குடுக்கச் சொன்னதுக்கு மட்டும் பதிலே இல்லீங்க. பணமா வந்திருந்தா செயினைத் திருப்பியிருப்பேன், வட்டி ஓடிட்டு இருக்குது.

முன்னாள்_கிளார்க்:
ஒத்துக்கங்க தம்பி. ஆனா எழுத்துல வாங்கினீங்களா? ஜூன்ல கவுண்டர்ல வேற ஆள் உக்காந்திருந்தா, யார் சொன்னது அப்படின்னு கேப்பான்.

பனியன்கம்பெனி_அண்ணன்:
வாங்கிட்டேங்க, லெட்டர்பேட்ல, சீலோட. வீட்டுக்கு வந்து தங்கச்சி படிச்சுப் பாத்துட்டு சொல்றா, ரெஜிஸ்டர் நம்பர்ல கடைசி எண்ணு தப்பாம், அது அவளோட பக்கத்து பெஞ்ச் புள்ளை நம்பராம். நாளைக்கு மறுபடியும் லீவு போடோணும்.