பழுதுக்குக் காரணம் காரின் பெயரா, பராமரிப்பா?

கேள்வி:
பயன்படுத்திய கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். ஜப்பானிய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஜெர்மானிய வண்டி என்றால் பணிமனையே கதி என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால், நற்பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் காரை அந்த நம்பிக்கையிலேயே வாங்கிய என் உறவினருக்கு, 90,000 கிலோமீட்டரில் கியர்பாக்ஸை மாற்ற நேர்ந்தது. நிறுவனத்தின் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி 1:
ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய நும்மி ஆலை, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னாளில் அங்கே டொயோட்டா கொரோலாவும், ஏறத்தாழ அதே வண்டியாகி ஜெனரல் மோட்டார்ஸின் பெயரில் விற்ற ஜியோ பிரிஸமும், டொயோட்டா இன்ஜினோடு, ஒரே கூரையின் கீழ் உருவாயின. இருந்தும் பழைய வண்டிச் சந்தையில் பிரிஸம் கொரோலாவைவிடக் குறைந்த விலைக்கே போயிற்று. கார்களின் நம்பகத் தரவரிசைகளையும் அப்படியே ஏற்க இயலாது. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஆய்வு, 100 வண்டிகளுக்கு எத்தனை குறைகள் என்று உரிமையாளர்களைக் கேட்டு எண்ணுகிறது; தொடுதிரை கைபேசியோடு இணைய மறுப்பதும் அந்தக் கணக்கில் ஒரு குறைதான்.

மறுமொழி 2:
பணிமனையில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். தானாகக் கெட்ட இன்ஜின்களைவிட, கெடுக்கப்பட்ட இன்ஜின்களையே அதிகம் பிரித்திருக்கிறேன். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில், இன்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே அணைக்கப்படுவதால், எரியாத எரிபொருளும் எரிதலில் உண்டாகும் நீரும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. ஓடியது குறைவுதானே என்று ஆயிலை மாற்றாமல் விடுபவர்களே இதில் சிக்குகிறார்கள். டீசல் வண்டியின் நிலை இன்னும் மோசம். அதன் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டியில் சேர்ந்ததை எரித்துத் தீர்க்க ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கடைக்குப் போய்வரும் ஓட்டத்தில் அது எப்படிக் கிடைக்கும்? இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தில் உள்ள அரிப்புத் தடுப்பு காலப்போக்கில் தீர்ந்துபோகும், அதன் பின்னும் வெறும் தண்ணீரையே ஊற்றி வந்தால் ரேடியேட்டர் அரித்து, இன்ஜின் கொதித்து, இன்ஜினின் மேல்பகுதி இணைப்பை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

உங்கள் உறவினரின் கியர்பாக்ஸில் ஆயில் எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். ஆயுள் முழுதுக்கும் ஒரே ஆயில் போதும் என்று கார் நிறுவனங்கள் சில சொல்கின்றன. ஆனால் பல நிறுவனங்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமோ, தன் தானியங்கி கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது.

மறுமொழி 3:
மேலே உள்ளவரோடு பாதிதான் உடன்படுகிறேன். எல்லாப் பழியையும் ஓட்டுநர் தலையில் கட்டுவது நியாயமன்று. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்களில், உள்வரும் வால்வுகளின் பின்புறத்தைக் கழுவிவிட எரிபொருள் அங்கே செல்வதில்லை என்பதால், ஒழுங்காகப் பராமரித்தாலும் கரி படியக்கூடும். அது வடிவமைப்பின் விளைவு. புதிய நுட்பத்தை அவசரமாகப் புகுத்தாத நிறுவனத்துக்கு நற்பெயர் கிடைப்பதும் தற்செயல் அன்று. ஆயினும் அந்தப் பெயர் எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது: 1997 முதல் 2002 வரை டொயோட்டா தயாரித்த சில இன்ஜின்களில் ஆயில் கசடாக உறைந்ததாகப் புகார்கள் குவிந்து, நிறுவனமே சிறப்புப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆகவே நிறுவனத்தை விசாரிக்காமல், குறிப்பிட்ட ஆண்டின் குறிப்பிட்ட இன்ஜினையும் கியர்பாக்ஸையும் விசாரியுங்கள்.

கேட்டவர்:
உறவினரிடம் கேட்டேன். கியர்பாக்ஸ் ஆயில் ஒருமுறைகூட மாற்றப்படவில்லையாம். அப்படி ஒன்று மாற்ற வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் பார்த்துவைத்திருக்கும் வண்டியின் சர்வீஸ் பதிவேட்டை நாளை கேட்டு வாங்குகிறேன்.