11 வருடக் கம்ப்யூட்டர்: ராம் போடவா, புதுசே வாங்கிவிடவா?

அழைப்பிதழ்க்கடை:
வணக்கம். திருத்துறைப்பூண்டியில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்து தருகிறேன். கம்ப்யூட்டர் 2014 கடைசியில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3 4130, எச்81 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்து, சாமிக்குப் பூ வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து புரூஃப் பார்க்கிறவர் "இனிஷியலை மாத்துங்கம்மா" என்பார். மாற்றி சேவ் கொடுத்தால் அப்படியே உறைந்து நிற்கும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

சர்வீஸ்காரர் ஒருவர், இதில் விண்டோஸ் 11 ஏறாது, 38 ஆயிரத்துக்குப் புதுசு போட்டுத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், கூட 4 ஜிபி ராம் போட்டால் போதும் என்கிறார்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று: மாற்றினால் பழைய கோப்பெல்லாம் என்னாகும்? என் வேலை முழுக்க பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள், பாமினி எழுத்துரு. போன மாதம் ஒருவர் வந்து, அப்பாவுக்கு முதலாமாண்டு நினைவஞ்சலி போட வேண்டும், போன் தொலைந்ததில் போட்டோவும் போய்விட்டது என்றார். போன வருஷம் நான் செய்த போஸ்டரில் அது பத்திரமாக இருந்தது. திரையில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இப்படி எத்தனை பேருடையது இந்த டிஸ்கில் கிடக்கிறதோ! ஆவணி முகூர்த்தத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். சொல்லுங்கள்.

பழையஎலி:
அக்கா, ராமும் வேண்டாம், புதுசும் வேண்டாம். முதலில் ஹார்ட் டிஸ்கை மாற்றுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டிஸ்க்' என்ற இடத்தில் 100% காட்டும், பந்தயமே கட்டுகிறேன். சுழலும் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படித்தாலே அதிகம். அதற்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், போட்டால் 500 எம்பிக்கு மேல் படிக்கும். அதைவிட முக்கியம், சின்னச் சின்ன கோப்புகளைத் தேடி அலைகிற நேரம் அதில் கிடையாது. எச்81 போர்டில், டிஸ்க் வயர் செருகும் சாட்டா போர்ட் இரண்டு வேகத்தில் இருக்கும். 6Gb/s (நொடிக்கு 6 ஜிகாபிட்) என்று போட்டிருப்பதில் மாட்டச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விண்டோஸ் 10 ஆதரவு (வழக்கமான பாதுகாப்பு அப்டேட்) 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வசதி வேண்டும். உங்களுடையது நாலாம் தலைமுறை. அதில் போடுகிற காசு வீண்தான். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ் எல்லாம் அதில்தானே செருகுகிறீர்கள்? வைரஸ் வந்தால் அந்தப் போட்டோக்களும் போகும்.

ஸ்பேனர்:
ஒரு நிமிஷம். அக்கா, 'திஸ் பிசி'யில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். ராம் எவ்வளவு, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா?

அழைப்பிதழ்க்கடை:
பார்த்தேன் தம்பி. 4.00 ஜிபி, அடைப்புக்குறிக்குள் 3.41 பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. 32 பிட். பேஜ்மேக்கருக்காகத்தான் அப்படிப் போட்டதாக அப்போது சொன்னார்கள்.

ஸ்பேனர்:
நினைத்தேன். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபி ராமுக்கு மேல் எடுக்காது. இன்னொரு 4 ஜிபி போட்டிருந்தால் அது சும்மா கிடந்திருக்கும். விண்டோஸ் 11-ல் 32 பிட்டே கிடையாது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். புது மிஷினில் அது ஏறி, உங்கள் கோப்பு ஒன்றைத் திறந்து பிரிண்ட் எடுத்துப் பார்க்காமல் 38 ஆயிரத்தைக் கையைவிட்டு விடாதீர்கள்.

என் யோசனை: இதற்கு எஸ்எஸ்டி போட்டு, இன்டர்நெட் வயரைக் கழற்றிவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு மட்டும் இருக்கட்டும். மெயில், வாட்ஸ்அப், பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் வேறொரு மிஷின். காவிரிக்கரை சொல்கிற பயம் நியாயமானது, அதற்கு வழி இதுதான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுங்கள். அப்புறம் டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு ஹெல்த் என்ன நிறம் காட்டுகிறது என்று பாருங்கள்.

அழைப்பிதழ்க்கடை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மஞ்சள், அதாவது எச்சரிக்கை, காட்டியது. கை நடுங்கிவிட்டது. காப்பி எடுக்கவே இரண்டு ராத்திரி ஆனது. 2016 கோப்புகளில் மூன்று படிக்கவே வரவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது. அதன் பிறகுதான் எஸ்எஸ்டிக்கு மாற்றினோம். மூடியைத் திறந்தபோது பிராசஸர் விசிறியில் பஞ்சு மாதிரி தூசி. அதையும் துடைத்து, பிராசஸர் சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் புதுசாக வைத்து, போர்டில் இருந்த சின்ன பேட்டரியையும் மாற்றச் சொன்னேன்.

இப்போது சுவிட்சைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது. காவிரிக்கரை அண்ணா, பென் டிரைவை இனி பையனின் காலேஜ் லேப்டாப்பில்தான் செருகுகிறேன், ஸ்கேன் செய்த பிறகே இதற்கு வருகிறது. அந்த நினைவஞ்சலி போட்டோவை முதல் வேலையாகத் திறந்து பார்த்தேன். இருக்கிறது.