மறு: பவர்லைன் அடாப்டருக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பவர்லைன் அடாப்டருக்கு, அதாவது வீட்டுக் கரண்ட் ஒயர் வழியாவே நெட் கொண்டு போற டப்பாவுக்கு, தமிழ்ப் பேர் கேட்டு நான் ஆரம்பிச்ச இழை இது.

நாலு நாளா எல்லார் மடலையும் படிச்சிட்டுதான் இருக்கேன், பதில் போட முடியல. இழைய ஆரம்பிச்சு வெச்சவனே கம்பி நீட்டிட்டான்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. கம்பி நீட்டலங்க, மாடில நெட் வரல, அவ்ளோதான். அந்தக் கதையும் இந்தச் சொல்லோட சம்பந்தப்பட்டதுதான், அதனால மொதல்ல அதைச் சொல்லிடறேன்.

எங்க வீடு தாம்பரம் பக்கம், ரவுட்டர் கீழ ஹால்ல, நான் வேலை பாக்கற ரூம் மாடில பின்பக்கம். நடுவுல காங்கிரீட் தளம், அப்புறம் ரெண்டு செங்கல் சுவரு. போன்ல வைஃபை ஒத்தக் கோடு காட்டும், மீட்டிங்ல என் மூஞ்சி உறைஞ்சு நிக்கும். ஈதர்நெட் ஒயர் இழுக்கலாம்னா அப்பா சுவத்துல ஓட்டை போட விடமாட்டாரு, போன வருசம்தான் பெயின்ட் அடிச்சது. சரின்னு பவர்லைன் அடாப்டர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஒரு கடையில கேட்டதும் அந்தத் தம்பி உள்ள போயி 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒண்ணு எடுத்துட்டு வந்து நீட்டறாரு, ரவுட்டருக்குக் கரண்ட் குடுக்கற கருப்பு டப்பா. இது இல்லப்பா, கரண்ட் ஒயர்லயே நெட்டு போகும்ல அதுன்னேன். என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, அண்ணே அப்படிப் போனா ரவுட்டர் புகைஞ்சிரும்ணேன்னாரு. நாலாவது கடையிலதான் கெடைச்சுது. நம்மூர்ல அடாப்டர்னா சார்ஜரோட அண்ணன். தமிழ்ல மட்டும் இல்ல, இங்கிலீஷ்லயே இந்தப் பேரு உருப்படியா இல்லன்னு அன்னிக்குதான் பட்டுது. அதனாலதான் இந்த இழையவே ஆரம்பிச்சேன்.

இப்ப உங்க மடல்களுக்கு வரேன்.

> "மின்வழி இணைப்பு" போதும். சின்னதா இருக்கு, புரியுது.

சின்னதா இருக்கு சரி, ஆனா எனக்கு ரெண்டு உறுத்தல். ஒண்ணு, "மின்" நமக்கு ரெட்டை வேலை பாக்கற சொல்லு. மின்விசிறி, மின்கம்பம்னா கரண்ட்டு. மின்னஞ்சல், மின்னூல்னா எலக்ட்ரானிக். "மின்வழி"ன்னா எங்க அக்கா "ஆன்லைன்ல"ன்னுதான் புரிஞ்சுப்பாங்க, மின்வழிக் கட்டணம்னு சொல்லிப் பாருங்க, போன்ல பில்லு கட்டறதுதான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்து அண்ணா, உங்க பக்கம் எலக்ட்ரானிக்குக்கு இலத்திரனியல்னு தனியா ஒரு சொல்லு இருக்கறதால இந்தக் குழப்பம் கொஞ்சம் கம்மின்னு எழுதியிருந்தீங்க, ஒத்துக்கறேன், ஆனா நீங்களும் மின்னஞ்சல்தானே அனுப்பறீங்க.

ரெண்டாவது உறுத்தல்தான் பெருசு. இதுல டேட்டா கரண்ட்டுல ஏறி வர்றதில்ல. நிறைய பேர் அப்படித்தான் நெனைக்கறாங்க, நானும் நெனைச்சேன். நம்ம வீட்டுக் கரண்ட்டு 230 வோல்ட், செகண்டுக்கு 50 தடவ ஆடறது. அடாப்டர் அனுப்பற சிக்னல் சுமாரா 2லேர்ந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள எடத்துல, ரொம்பச் சின்ன வோல்டேஜ்ல, நூத்துக்கணக்கான குட்டிக் குட்டி அலைகளாப் பிரிஞ்சு போகுது. தேர் போற அதே வீதில கொசு பறக்கற மாதிரி. தேர் மேல கொசு ஏறி உக்காரல, வீதிதான் ரெண்டுக்கும் பொது. அந்தப் பக்கத்து டப்பால ஒரு வடிகட்டி, தேரை ஓரங்கட்டிட்டு கொசுவை மட்டும் உள்ள விடுது. டப்பா ஓட கரண்ட் வேணும், அது வேற விசயம், டேட்டாவுக்கு வேண்டியது வெறும் செம்புக் கம்பிதான். அதனால பேர்ல கம்பி கட்டாயம் வரணும்கறது என் கட்சி. இதே காரணத்துக்காகத்தான் இன்னொருத்தர் சொன்ன "மின்னூர்தி"யும் வேணாங்கறேன். பன்னெண்டாப்பு இயற்பியல் புத்தகத்துல ஊர்தி அலை (சேதியச் சுமந்துட்டுப் போற அலை), பண்பேற்றம் (சேதிய அந்த அலைல ஏத்தறது)னு படிச்சோமே, அந்த ஊர்தி இங்க 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டு இல்ல. அதோட மின்னூர்தின்னா இன்னிக்கு யாரா இருந்தாலும் பேட்டரி ஸ்கூட்டர்னு நெனைப்பாங்க.

> "கம்பியலை" எப்படி? வைஃபைக்கு அருகலைன்னு வெச்சோம்ல, அதுக்கு ஜோடியா.

இதைப் படிச்சதும் எழுந்து நின்னு கை தட்டினேன். அலைதான் போகுது, கம்பிலதான் போகுது, அஞ்சே எழுத்து, அருகலைக்கு அப்படியே தங்கச்சி. ரெண்டு நாள் இதையேதான் மனசுல வெச்சிருந்தேன். அப்புறம் எங்க எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட போன்ல, அண்ணே வீட்டுல கம்பியலை போட்ருக்கேன், ஒரு பாயிண்ட் சரியில்ல, வந்து பாக்கணும்னேன். கம்பியில்லையா, அப்ப ஒயர் எடுத்துட்டு வரணுமா, எத்தன மீட்டர்னு கேக்கறாரு. கம்பியலை, கம்பியில்ல, வேகமாச் சொன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் காதுல விழுது! ஒயர்ல போற நெட்டுக்கு நாம வெச்ச பேரு காதுக்கு ஒயர்லெஸ்ஸுன்னு கேக்குது. எழுத்துல எவ்வளவு அழகா இருந்தாலும் சரி, இதோட கதை முடிஞ்சுது. முன்மொழிஞ்ச நண்பர் கோச்சுக்கக் கூடாது, எனக்கே ஒரு நாள் சோறு எறங்கல.

> தந்தின்னு ஒரு நல்ல சொல்லு சும்மா கெடக்கு, எடுத்துப்போமே. "வீட்டுத்தந்தி".

ஐயா, ஆசையாத்தான் இருக்கு. வீணைக் கம்பிக்கு இருந்த பேரு டெலிகிராப் ஒயருக்கு வந்து, அப்புறம் அந்த ஒயர்ல வந்த சேதிக்கே பேராச்சு. கலைச்சொல் உண்டாக்கறவன் எல்லாம் கும்பிட வேண்டிய சொல்லு அது. 2013 ஜூலைல சேவையவே மூடிட்டாங்க, சொல்லு வேலையில்லாமதான் இருக்கு. ஆனா எங்க தலைமுறைக்கே தந்தின்னா சாவுச் சேதி, எங்க பாட்டி தந்தின்னு கேட்டாலே நெஞ்சைப் புடிச்சுப்பாங்க. அதுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அது பேப்பர் பேரு. நெட்டுக்கு ஒத்து வராது.

மின்வடம், மின்தடம் ரெண்டையும் வேகமாத் தாண்டிடறேன். தடம்னா பெரிய லைன், கோபுரம் கட்டி இழுக்கறது. வடம்னா கேபிள், அது தரைக்கடியில போறது ஞாபகம் வருது. சுவத்துக்குள்ள பைப்புல ஓடற ஒயருக்கு ரெண்டுமே பெரிய சட்டை.

சரி, குத்தம் சொல்றது சுலபம், நீ என்ன சொல்றேன்னு கேப்பீங்க. வித்தைக்கு ஒரு பேரு, டப்பாவுக்கு ஒரு பேருன்னு ரெண்டாப் பிரிக்கணும்கறதுதான் நான் சொல்ல வர்றது. ஒரே சொல்லுல அடைக்கப் பாக்கறதாலதான் நாம சுத்திச் சுத்தி வரோம்.

வித்தைக்கு "மின்கம்பிவழி". கம்பியில்லாங்கற மாதிரியே முன்னாடி ஒட்டிக்கற சொல்லு, மின்கம்பிவழி இணையம், மின்கம்பிவழித் தொடர்பு, எதுக்கு வேணா போட்டுக்கலாம். "மின்" ரெட்டை வேலைன்னு இப்பதானே சொன்னேன்னு மடக்காதீங்க, கம்பியோட சேந்துட்டா அதுக்கு வேற அர்த்தம் கெடையாது, மின்கம்பின்னா ஊர்ல எல்லாருக்கும் கரண்ட் கம்பிதான். மின்வாரியத்துக்காரங்க துணை மின்நிலையங்களுக்கு நடுவுல உயரழுத்தக் கம்பியிலயே பேசிக்கற ஏற்பாடு பல காலமா இருக்கு, அதையும் இதே சொல்லுக்குள்ள வெச்சுக்கலாம்.

டப்பாவுக்குத் தகவி, பொருத்தின்னு ஆளாளுக்குச் சொன்னீங்க, ரெண்டுமே அடாப்டரோட மொழிபெயர்ப்பு. அந்த அடாப்டரே தப்பான பேருங்கும்போது அதைப் புடிச்சு நாம எதுக்குத் தொங்கணும்? அது செய்யற வேலையப் பாருங்க. ஒரு பக்கம் டேட்டாவை அலையாப் பண்பேத்தி கம்பில விடுது, இன்னொரு பக்கம் அலையைத் திரும்ப டேட்டாவாக்குது. இதைச் செய்யறதுக்குப் பேரு மோடம். அந்தக் காலத்துல போன் லைன்ல கீச்சுக் கீச்சுன்னு கத்துச்சே, அதே சாதிதான், கத்தறது நமக்குக் கேக்கல அவ்ளோதான். மோடத்துக்குத் தமிழ்ல இணக்கின்னு சொல்லு ஏற்கெனவே பொழங்குது. அப்ப இது "மின்கம்பி இணக்கி". புதுசா எதையும் கண்டுபுடிக்கவே வேணாம்.

இது ஜோடியாத்தான் வேலை செய்யும், ஒண்ணு ரவுட்டர் பக்கத்துல, ஒண்ணு மாடில. இணக்கின்னு சொன்னா எதை எதோட இணக்கணும்னு கேள்வி தானா வருது பாருங்க, அதுவே பாதி யூசர் மேனுவல். டப்பாவுல ரெண்டையும் ஜோடி சேக்கற (pair) பட்டன் ஒண்ணு இருக்கும், அதை "இணக்கு"ன்னே போட்டுடலாம். அந்தப் பட்டனை அமுக்காம விட்றாதீங்க, அலை மீட்டர்ல நல்லா சோந்து போயிடும், ஆனா சுத்தமா நின்னுடும்னு நம்ப முடியாது, அபார்ட்மெண்ட்ல பக்கத்து வீட்டு ஒயர் வரைக்கும் எட்டிப் பாக்கும், ரெண்டு டப்பாவுக்கும் மட்டும் தெரிஞ்ச சாவிய வெச்சு பூட்டறது அந்தப் பட்டன்தான்.

வாங்கலாமான்னு தனிமடல்ல மூணு பேரு கேட்டீங்க, இங்கயே சொல்லிடறேன். டப்பா மேல போட்ருக்கற வேகத்தை நம்பாதீங்க. இந்த டப்பாங்களுக்கான ஹோம்பிளக்ங்கற தரத்துல மொத தலைமுறை 2001ல செகண்டுக்கு 14 மெகாபிட், 2005ல வந்த ஹோம்பிளக் ஏவி 200 மெகாபிட், எல்லாம் தாள்ல. என்னோட டப்பால 600னு பெருசாப் போட்ருக்கு, பின்னாடி இருக்கற ஈதர்நெட் ஓட்டையே 100தான்! எனக்குக் கெடைக்கறது 50, 60. காலைல அம்மா மிக்ஸி போட்டா பாதியாயிடும், மிக்ஸி மோட்டார்ல கார்பன் பிரஷ் பொறி தட்டும்ல, அது கம்பி பூரா இரைச்சல். சட்னி அரைச்சு முடிச்சதும் சரியாயிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர்ல மாட்டவே மாட்டாதீங்க, அதுக்குள்ள இருக்கற வடிகட்டிக்கு நம்ம டேட்டாவும் குப்பைதான், நேரா சுவத்து பிளக்குலதான் சொருகணும்.

அப்புறம் பேஸ், அதாவது வீட்டுக்குள்ள தனித்தனியா வர்ற கரண்ட் லைன். என் டப்பால இதைப் பத்தி எழுதல. எங்க வீட்டுக்கு மூணு பேஸ், கீழ ஒண்ணுல, மாடி இன்னொண்ணுல. மொத நாள் மாட்டினப்ப 5 மெகாபிட் கூட வரல, சிக்னல் ஒரு பேஸ்லேர்ந்து இன்னொண்ணுக்கு ஏதோ கசிஞ்சுதான் வருது. எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து மாடி ரூமை கீழ உள்ள பேஸுக்கு மாத்தி விட்டாரு, உடனே 60. ரெண்டு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு பேஸ்ல கரண்ட் போச்சு, அப்பா வழக்கம்போல டார்ச்சோட போயி கீழ மட்டும் பேஸ் சேஞ்சரை (ஒரு பேஸ்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தற சுவிட்சு) திருப்பிட்டு வந்து படுத்துட்டாரு. போன பேஸ்ல கரண்ட் திரும்பி வந்தப்புறம் மாடில பேன் ஓடுது, லைட் எரியுது, நெட் மட்டும் இல்ல. மூணு நாள் ரவுட்டரைத் திட்டிட்டு இருந்தேன், வெள்ளிக்கிழமைதான் சேஞ்சர் கண்ணுல பட்டுது. கம்பி நீட்டல, பேஸ் நீட்டிடுச்சு.

ஒரு ஆட்சேபம் நானே சொல்லிடறேன். மின்கம்பி இணக்கி, ஒம்பது எழுத்து, கடையில யாரும் முழுசாச் சொல்ல மாட்டாங்க. எங்க எலக்ட்ரீசியன் அண்ணன் "நெட் பிளக்கு"ன்னுதான் சொல்றாரு, கடை வாசல்ல அதுதான் ஜெயிக்கும், ஜெயிக்கட்டும். எழுதறப்ப நமக்கு ஒண்ணு வேணும், அவ்ளோதான். பேச்சுல வெறும் இணக்கின்னே சுருங்கினாலும் எனக்குச் சம்மதம்.

நேத்து ஒரு சோதனையும் பண்ணிட்டேன். ஹால் பிளக்குல "அடாப்டர், எடுக்காதீங்க"ன்னு முன்னாடி சீட்டு ஒட்டியிருந்தேன். வர்றவங்க போறவங்க எல்லாம் சார்ஜர்தானேன்னு பிடுங்கிட்டு போன் சொருகிட்டு இருந்தாங்க, எங்க சித்தப்பா ரெண்டு தடவ. இப்ப அதைக் கிழிச்சுட்டு "நெட் இணக்கி, எடுத்தா மாடில நெட் போயிடும்"னு எழுதி ஒட்டியிருக்கேன். அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு படிச்சுட்டு, இணக்கின்னா என்னடான்னாங்க. மாடியையும் கீழயையும் இணக்கி வெக்கறதும்மான்னேன். அப்ப அப்பா திருப்பற சேஞ்சர்லயும் ஒண்ணு ஒட்டுன்னாங்க.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன், பெருசா மறுப்பு வரலன்னா மின்கம்பிவழி, மின்கம்பி இணக்கி ரெண்டையும் விக்சனரி இணைய அகராதில ஏத்திடறேன். பேஸ் சேஞ்சருக்கு என்ன வைக்கலாம்னு அடுத்த இழைய வேற யாராவது ஆரம்பிங்க, அதை வெச்சு அப்பாகிட்ட பேச வேண்டியிருக்கு.