ஐசியூவில் ஐந்து வருடம்: ஜெர்மனிக்குப் போவதா, இங்கேயே எஜுகேட்டர் ஆவதா?

இரவுப்பணி கேட்டது:

வணக்கம். பி.எஸ்சி நர்சிங், வயது 27. 220 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ், ஐந்து வருட அனுபவம். கைக்கு வருவது 27,500. கல்விக் கடனில் இன்னும் 3.2 லட்சம் பாக்கி, தவணை மாதம் 6,400. தம்பிக்கு இன்ஜினியரிங் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, வருடத்துக்கு 1.2 லட்சம் கட்ட வேண்டும். அப்பாவால் இனி முடியாது.

இப்போது இரண்டு வழி தெரிகிறது. ஒரு ஏஜென்சி ஜெர்மனிக்கு அனுப்புகிறேன் என்கிறது. சர்வீஸ் சார்ஜ் 1.5 லட்சம், மொழி வகுப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இன்னொரு பக்கம் எங்கள் நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் மேடம் என்னை ஐசியூ எஜுகேட்டராகப் போடுகிறேன் என்கிறார், சம்பளம் 31,000 ஆகும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வென்டிலேட்டர் செட்டிங், ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) படிப்பது, சக்‌ஷன் போடும் முறை எல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது. வீட்டில் கேட்டால், "பிடிச்ச வேலைன்னு உட்கார்ந்திருந்தா கடன் எப்ப அடையும்" என்கிறார்கள். அதிலும் தப்பில்லை.

பணமா மனநிறைவா என்று பொதுவாகச் சொல்லாமல், கணக்கோடு யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை:

முதலில் தேவையைத் தொகையாக்குங்கள். கடன் 3.2 லட்சம், தம்பிக்கு 2.4 லட்சம், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு 1.5 லட்சம். மொத்தம் 7.1 லட்சம். "நிறைய சம்பாதிக்கணும்" என்பதற்கு எல்லை கிடையாது. 7.1 லட்சத்துக்கு எல்லை உண்டு. அது எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் இரண்டு வழியின் குறையும் தெரிந்துவிடும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். விசாவுக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி1 நிலை போதும், ஆனால் நர்ஸாக அங்கீகாரம் பெற பி2 வேண்டும். பி2 வரை 600 முதல் 800 பாடவேளைகள் ஆகும் என்று ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனமே சொல்கிறது, ஒரு பாடவேளை 45 நிமிடம். ஷிப்ட் வேலையோடு ஏ2 வரை தள்ளிவிடலாம். பி1-இல் இருந்து பி2 போகும்போதுதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். நைட் முடித்துவிட்டுப் பகலில் இலக்கணம் ஏறாது. அதனால் கடைசி ஆறு மாதமாவது வேலையை விட வேண்டியிருக்கும், பலர் முழு வருடமும் விடுகிறார்கள். முழு வருடம் என்றால் இழக்கும் சம்பளம் 3.3 லட்சம். வகுப்பும் தேர்வும் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டும், 1.3 என்று வைத்துக்கொள்கிறேன். ஏஜென்சிக்கு 1.5, மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் (வெளிநாட்டுக்கான சான்றொப்பம்) வகையில் ஏறத்தாழ 0.4. ஆக 6.5 லட்சம் செலவழித்த பிறகுதான் விமானம் ஏறுவீர்கள். அதற்கு மேல் ஆவணச் சரிபார்ப்பு, விசா. முதல் சம்பளம் 16 முதல் 20 மாதம் கழித்து.

அதுவும் உடனே முழுச் சம்பளம் வராது. அங்கீகாரம் முடியும்வரை உதவியாளர் பதவிதான், மொத்தச் சம்பளம் 2,800 யூரோ அளவில். வரியும் காப்பீடும் போக 1,900 சொச்சம். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து போக மிஞ்சுவது 800 யூரோ, யூரோவுக்கு 100 ரூபாய் என்றால் 80,000. 7.1-உம் 6.5-உம் சேர்த்து 13.6 லட்சத்தை அதில் அடைக்க 17 மாதம். இன்றிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய மூன்று வருடம். உங்கள் தம்பியின் படிப்பு அதற்குள் முடிந்துவிடும்! ஜெர்மனிப் பணம் நல்ல பணம்தான், ஆனால் இந்தச் செலவுக்கு அது நேரத்துக்கு வந்து சேராது.

எஜுகேட்டர் பொறுப்பில் கூடுதலாக வருவது மாதம் 3,500, வருடத்துக்கு 42,000. தம்பியின் 1.2 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அதனால் தம்பியின் கட்டணத்தை உங்கள் தலையிலிருந்து இறக்கிவைப்பதுதான் முதல் வேலை. அவர் பெயரில் கல்விக் கடன் எடுக்கலாம், பெற்றோர் இணைக் கடனாளியாக இருந்தால் 4 லட்சம் வரை வங்கி சொத்துப் பிணை கேட்காது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. இடையில் வட்டி ஏறும் என்பதை மறக்க வேண்டாம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, கல்லூரி இருக்கும் ஊரிலோ வீட்டுக்குப் பக்கத்திலோ உள்ள கிளைக்கு நேரில் போங்கள். படிப்பின் நடுவில் எடுப்பதால் மீதி வருடங்களுக்கான கட்டண விவரத்தைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். அது இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் திரும்புகின்றன.

இது முடிந்தால் உங்களிடம் மிஞ்சுவது மாதம் 6,400 தவணை மட்டும். அந்த நிலையில் இதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப்பாருங்கள், வேறு மாதிரி பதில் வரும்.

---

பொன்னி:

தங்கச்சி, எஜுகேட்டர் என்ற பதவிப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், வேண்டாம் என்று உடனே தள்ளவும் வேண்டாம். அந்த வேலை நன்றாக அமைவதும் கெடுவதும் ஒரே விஷயத்தில் இருக்கிறது: ரோஸ்டரில் உங்களை ஆள் கணக்கில் சேர்ப்பார்களா, மாட்டார்களா?

சேர்த்தால், ஆள் குறையும் அன்றைக்கெல்லாம் நீங்கள்தான் நோயாளியைப் பார்க்கப் போவீர்கள். ஐசியூவில் ஆள் குறையாத நாள் ஏது? வகுப்பு நாலு மணிக்கு, ஐந்து மணிக்கு என்று தள்ளிப்போகும், டியூட்டி முடித்துக் களைத்த பிள்ளைகளை உட்காரவைத்துப் பேச வேண்டிவரும். அதோடு என்ஏபிஹெச் (மருத்துவமனைத் தரச்சான்று) ஆடிட்டுக்கான பயிற்சிப் பதிவேடுகள் முழுக்க உங்கள் மேஜைக்கு வரும். ஆறு மாதத்தில், சொல்லிக்கொடுப்பதற்காக எடுத்த பொறுப்பு கையெழுத்து வாங்கும் வேலையாகச் சுருங்கிவிடும்.

அதனால் மேடமிடம் ஒப்புக்கொள்வதற்கு முன் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் நோயாளி ஒதுக்கீடு இல்லாமல் தருவார்கள்? 48 மணி நேர வாரத்தில் 24-க்குக் குறைந்தால் அது எஜுகேட்டர் வேலை ஆகாது. நைட் உண்டா? பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (உயிர்காப்புச் சிகிச்சை) பயிற்றுநர் தகுதிக்கு மருத்துவமனை பணம் கட்டுமா? புதியவர் ஒருவர் தனியாக வென்டிலேட்டர் நோயாளியை எடுக்கலாம் என்று தீர்மானிப்பது யார், நீங்களா, ஷிப்ட் இன்சார்ஜா? கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்த அதிகாரம் இல்லாத எஜுகேட்டர் சொல்வதை வார்டில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

ஆர்டரில் "ஸ்டாஃப் நர்ஸ், ஐசியூ, பயிற்சிப் பொறுப்புடன்" என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் எஜுகேட்டர் என்று போட்டால், பின்னால் வெளிநாடு போக நினைக்கும்போது சில இடங்களில் அந்தக் காலத்தை நேரடி நோயாளிப் பராமரிப்பு அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜெர்மனியைப் பற்றி ஒன்று. அங்கே வேலையின் உள்ளடக்கமே வேறு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் சிறுநீர் சுத்தம் செய்வது எல்லாம் நர்ஸின் வேலை. இங்கே அதைச் செய்யும் உறவினரும் அட்டெண்டரும் அங்கே இல்லை. மதிப்புள்ள வேலைதான். ஆனால் ஏபிஜியும் வென்டிலேட்டரும் பிடித்து வந்தவர், முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டால் மிகவும் சோர்ந்துபோவார். ஒப்பந்தத்தில் மருத்துவமனையா முதியோர் இல்லமா, எந்தத் துறை என்பது எழுதியிருக்க வேண்டும். பணத்துக்காகப் போவது தவறே இல்லை. எந்த வேலைக்குப் போகிறோம் என்று தெரியாமல் போனால் அந்தப் பணமும் கசக்கும்.

சொல்லிக்கொடுப்பதோடு மருத்துவ முடிவுகளிலும் பங்கு வேண்டும் என்றால் எம்.எஸ்சி-யில் நர்ஸ் ப்ராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் இருக்கிறது. இரண்டு வருடம், ரெசிடென்சி முறை, அதாவது மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே படிப்பது. உங்கள் அனுபவத்துக்கு இடம் கிடைக்கும். சேர்வதற்கு முன், படித்தவர்களுக்கு அந்தப் பதவிப் பெயரும் சம்பளமும் தரும் மருத்துவமனைகள் எவை என்று விசாரியுங்கள். நிறைய இடங்களில் படிப்பை முடித்தும் பழைய ஸ்டாஃப் நர்ஸ் பதவிதான்.

---

மூன்றாவது ஷிப்ட்:

மேலே இருவர் சொன்னதையும் ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. 27,500-ஐ இயல்பான சம்பளம் போல வைத்துக்கொண்டு எல்லாரும் பேசுகிறோம்.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தந்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனையில் நர்ஸ் சம்பளம், அதே நிலையில் உள்ள மாநில அரசு நர்ஸுக்கு இணையாக இருக்க வேண்டும். 100 முதல் 200 படுக்கை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50-க்கும் குறைவான சின்ன மருத்துவமனையில்கூட 20,000-க்குக் கீழே போகக்கூடாது. இதை அமல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கேரளா 2018-இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வெளியிட்டது, நர்ஸுகள் போராடித்தான் அது வந்தது. உங்களுடையது 220 படுக்கை. இந்த அளவுகோலில் எவ்வளவு வர வேண்டும் என்று போட்டுப்பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்குள் இருக்கும் சண்டை பணத்துக்கும் மனநிறைவுக்கும் இடையில் என்று நினைக்கிறீர்கள். அதில் பாதி, குறைந்த சம்பளத்தால் வந்த சண்டை. 1959-இலேயே அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் இதைப் பிரித்துக் காட்டினார்: சம்பளமும் பணிச்சூழலும் சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும், அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி போகும், அதனால் மட்டும் நிறைவு வந்துவிடாது. நிறைவு வேலையிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் வருவது. உங்களுக்கு இரண்டாவது ஏற்கெனவே இருக்கிறது. முதலாவது இல்லை. "பிடித்த வேலை" என்ற பெயரில் 3,500 கூட்டித் தந்து இரண்டு ஆள் வேலை வாங்குவதற்குத் தலையாட்ட வேண்டாம். 36,000 கேளுங்கள். உங்களை இழந்து, புதியவரை எடுத்து ஐசியூவுக்குத் தயார்செய்ய எத்தனை மாதம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பணம்தான் இப்போதைய அவசரம் என்றால் ஜெர்மனியைவிடச் சவுதி பொருத்தம். மொழித் தேர்வு வேண்டாம், தகுதிச் சான்றுகளுக்கு டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சரிபார்ப்பும், கணினியில் எழுதும் ப்ரோமெட்ரிக் உரிமத் தேர்வும் போதும். அரசு மருத்துவமனையில் 4,000 ரியாலைச் சுற்றிச் சம்பளம், தங்குமிடம் அவர்களுடையது, வருமான வரி கிடையாது. மாதம் 70,000 அனுப்பலாம். எல்லாம் சரியாக நடந்தால் ஆறேழு மாதத்தில் போய்விடலாம். 7.1 லட்சம் பதினோரு மாதத்தில் தீரும், இரண்டு வருட ஒப்பந்தத்தின் மீதிக் காலம் முழுக்க உங்கள் சேமிப்பு. அதைக் கொண்டு திரும்பிவந்து எம்.எஸ்சி படிக்கலாம். சவுதி போன்ற நாடுகளுக்கு நர்ஸுகளை எடுப்பதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, ஆகவே கிண்டியில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவுசெய்யுங்கள். 1978-இல் இருந்து இயங்குவது.

அந்த ஏஜென்சி கேட்கும் 1.5 லட்சம்: பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அவர்கள் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

---

இரவுப்பணி:

மூவருக்கும் மிக்க நன்றி. தம்பிக்குக் கடன் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை, இந்த வாரமே வங்கிக்குப் போகிறோம். எஜுகேட்டர் பொறுப்பை எழுத்தில் நிபந்தனைகளோடு கேட்கப்போகிறேன். சவுதிக்கான ஆவணங்களையும் பக்கத்தில் தயார்செய்யலாம் என்று இருக்கிறேன். எதில் தாமதம் ஆகும்? என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, சான்றிதழ்களில் இனிஷியல் மட்டும்.

---

பொன்னி:

அதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு முதல் தடை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகப் பட்டம், நர்சிங் கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியலும் விரிவும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதும். எழுத்துக்கூட்டலே வேறு என்றால் போதாது, சான்றிதழைத் திருத்தவோ அரசிதழில் அறிவிக்கவோ வேண்டிவரும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் இதை முதலில் பாருங்கள்.

அடுத்து கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குட் ஸ்டாண்டிங் சான்றுக்கு (உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று கவுன்சில் தருவது) விண்ணப்பியுங்கள். அதற்குச் செல்லுபடிக் காலம் உண்டு, மிக முன்னதாக வாங்கினால் காலாவதியாகிவிடும். அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, துறை, மொத்தப் படுக்கை, ஐசியூ படுக்கை, வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தது எல்லாம் இருக்க வேண்டும். "எங்களிடம் பணிபுரிந்தார்" என்ற ஒற்றை வரிச் சான்று டேட்டாஃப்ளோவில் திரும்பி வரும். சரிபார்ப்பு மின்னஞ்சல் உங்கள் மருத்துவமனை ஹெச்ஆருக்குத்தான் போகும், அவர்கள் பதில் போடாமல் விட்டாலும் கோப்பு நின்றுவிடும். ஆகவே நோட்டீஸ் கொடுப்பது, ரிலீவிங் எல்லாம் முறையாக நடக்கட்டும், சண்டை போட்டு வெளியேற வேண்டாம்.

மேடமிடம் பேசும்போது வெளிநாட்டுத் திட்டத்தை மறைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு வருடம் எஜுகேட்டராக இருந்து, உங்களுக்குப் பின் அந்தப் பொறுப்பை எடுக்க இன்னொருவரைத் தயார்செய்து தருகிறேன் என்று சொல்லிப்பாருங்கள். நல்ல சூப்பரிண்டெண்டென்ட் அதற்கு ஒப்புக்கொள்வார்.

---

கணக்குப்பிள்ளை:

ஒரு சேர்க்கை மட்டும். சவுதி போனால் உங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக (வெளிநாட்டில் வாழ்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும், அனுப்பும் பணத்துக்கு என்ஆர்ஈ கணக்கு தொடங்குங்கள். அதில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. கல்விக் கடன் தவணை இப்போது எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று பார்த்து, கிளம்புவதற்கு முன்பே அந்தத் தானியங்கிப் பிடித்தத்தை மாற்றிவிடுங்கள். கணக்கு மாறும் மாதத்தில் தவணை தவறி சிபில் மதிப்பெண் இறங்குவது அடிக்கடி நடக்கிறது. இங்கே பிஎஃப்-ஐ அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்து வருடச் சேவை வேண்டும். ஐந்து வருடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, திரும்பி வந்து வேலையில் சேரும்போது அதே யூஏஎன் (பிஎஃப்) எண்ணில் தொடரலாம். ஐந்து வருடம் நிரம்பியிருந்தால் கிராஜுட்டியும் உண்டு. சேர்ந்த தேதியைச் சரிபார்த்து, ரிலீவிங் சமயத்தில் கேட்டு வாங்குங்கள்.